அரிசி செலவு பாதியாச்சு... அந்த இடத்தை 'ரீசார்ஜ்' பிடிச்சாச்சு! சர்வே சொல்லும் வீட்டுக் கணக்கு

நெல்லை:
மாசம் பிறந்தா அரிசி, பருப்பு, எண்ணெய்னு லிஸ்ட் எழுதி, மளிகைக்கடை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு, சம்பளம் வந்ததும் பற்று நோட்டை அடைப்பதுதான் நடுத்தர, ஏழைக் குடும்பங்களின் வழக்கம். அந்தக் கணக்கு இப்போது தலைகீழாக மாறிக்கொண்டிருக்கிறது. மத்திய அரசின் சர்வேக்களே இதைக் காட்டுகின்றன.

2011-12ல் கிராமத்து ஆள் ஒருவர் 100 ரூபாய் செலவழித்தால் அதில் 10 ரூபாய் 69 காசு அரிசி, கோதுமை போன்ற தானியங்களுக்குப் போனது. 2022-23 சர்வேயில் அது 4 ரூபாய் 91 காசு. பாதிக்கும் கீழே! அதேசமயம் கூல்டிரிங்ஸ், பலகாரம், பாக்கெட் தீனி வகையறா 7 ரூபாய் 90 காசில் இருந்து 9 ரூபாய் 62 காசாக ஏறிவிட்டது. இது நாடு முழுவதற்குமான கணக்கு. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதலே அரிசி கார்டுக்கு ரேஷன் அரிசி இலவசம் என்பதால் இங்கே அரிசி பெரிய பாரம் இல்லை.

வீட்டுக்கு வீடு செல்போன்

2025 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த தொலைத்தொடர்பு சர்வேயில், நாட்டில் 100 வீடுகளில் 85க்கும் மேற்பட்ட வீடுகளில் ஸ்மார்ட்போன் இருப்பது தெரியவந்தது. ஆன்லைனில் பணம் அனுப்புகிறவர்களில் 99.5 சதவீதம் பேர் யு.பி.ஐ.யைத்தான் பயன்படுத்துகிறார்கள். கீரைக்காரம்மா கூடையிலும் ஸ்கேன் அட்டை தொங்குவது சும்மா இல்லை.

சரி, போன் வந்தாச்சு. அதற்கு ஆகும் செலவு?

மாசம் 12... ரீசார்ஜ் 13!

2024 ஜூலையில் செல்போன் கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றின. ஜியோவில் தினம் 1.5 ஜி.பி. தரும் 28 நாள் பிளான் 239 ரூபாயில் இருந்து 299 ரூபாய் ஆனது. 28 நாள் என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது. வருடத்துக்கு 12 மாசம், ரீசார்ஜ் மட்டும் 13 தடவை!

வீட்டில் 3 போன் என்று வைத்துக்கொள்வோம். அந்த விலைக்கே கணக்குப் போட்டால் வருடத்துக்கு 11 ஆயிரத்து 661 ரூபாய். மாசத்துக்கு சுமார் 972 ரூபாய். 2022-23 சர்வேப்படி தமிழக கிராமத்தில் ஒரு ஆளின் சராசரி மாதச் செலவு 5 ஆயிரத்து 310 ரூபாய். 4 பேர் உள்ள வீட்டுக்கு 21 ஆயிரத்து 240. அதில் ரீசார்ஜ் நாலரை சதவீதம். தோராயக் கணக்குதான். ஆனாலும் நாடு முழுவதற்குமான கணக்கில் தானியத்துக்கு ஆகும் பங்குக்கு கிட்டத்தட்ட சமமாக வந்து நிற்கிறது.

இது சராசரி வீட்டுக்கு. எண்ணிக்கைக் கூலிக்கு பீடி சுற்றும் நெல்லை, தென்காசி பக்கத்துக் குடும்பங்களுக்கு பாரம் இன்னும் அதிகம். அரிசி விலை ஏறினால் அளவைக் குறைக்கலாம், ரேஷனுக்கு ஓடலாம். ரீசார்ஜில் அந்த வசதி கிடையாது. போடவில்லை என்றால் போன் கட்.

யார் போன் முதலில் கட்?

கையில் காசு இல்லாத வாரம், வீட்டில் யார் போனுக்கு ரீசார்ஜ் போடாமல் விடுவார்கள்? பையன் படிப்புக்கு வேணும், அப்பாவுக்கு வேலை விஷயமா வேணும். மிச்சம் அம்மாதான். 2019-21 குடும்பநல சர்வேப்படி தமிழ்நாட்டில் தன் உபயோகத்துக்கென போன் வைத்திருக்கும் பெண்கள் 74.6 சதவீதம். நாலில் ஒருவருக்கு அதுவே இல்லை.

வேலையாவது குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. நாடு முழுவதும் நடந்த 2024 சர்வேயில், 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள் சம்பளமில்லாத வீட்டு வேலைக்குத் தினம் 305 நிமிடம் செலவிடுகிறார்கள். 2019ல் 315 நிமிடம். 5 வருடத்தில் மிச்சமானது வெறும் 10 நிமிடம்!

கேட்டு வாங்கணும்

செலவைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. 30 நாள் பிளான் ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும் என்று டிராய் 2022லேயே உத்தரவு போட்டது. நெட் இல்லாமல் பேச, எஸ்.எம்.எஸ். அனுப்ப மட்டும் தனி பிளான் வேண்டும் என்று 2024 டிசம்பரில் சொன்னது. பட்டன் போன் வைத்திருக்கும் தாத்தா, பாட்டிக்கு இதுவே போதும். ஆனால் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் 28 நாள் டேட்டா பிளானைத்தான்.

மளிகை லிஸ்ட்டை நாலு தடவை பார்த்து வெட்டுகிற குடும்பத்தலைவிகள், இனி ரீசார்ஜையும் அந்த லிஸ்ட்டில் எழுதிப் பார்த்தால் மாசக் கடைசியில் கொஞ்சம் காசு மிஞ்சும்.