மூச்சு வாங்கினால் அரைக்கூலியா?

தோழர்களே, மலையகத்தில் கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர். இங்கே அச்சுவேலிப் புகையிலைத் தோட்டத்தில் மண் கொத்துகிறவர் மூச்சு வாங்கி நின்றால் 'சோம்பேறி' என்ற பெயரும் அரைநாள் கூலியும். அவர் மடியில் இருக்கும் பிரஷர் குளிசையை எந்த முதலாளியும் கணக்கில் எடுப்பதில்லை.

அற்றெனொலோல், புரோப்பிரனொலோல் போன்ற குளிசைகள் இதயத் துடிப்பை அடக்கி வைப்பவை. வேலை கடுமையானாலும் துடிப்பு அதற்கேற்ப ஏறாது. உடம்பு சீக்கிரம் சோரும். தொய்வுக்காரருக்கு மூச்சுக்குழாயும் இறுகலாம். மூச்சிழுக்கும் தசைகள் கூடுதலாக உழைத்துக் களைக்கும். இது சோம்பலா?

கோபத்தில் குளிசையைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். மாரடைப்பில் கொண்டுபோய் விடலாம். கிளினிக் கொப்பியில் உள்ள மருந்தின் பெயரைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்து வாசிப்பியுங்கள். தொய்வையும் செய்யும் வேலையையும் டொக்டரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்துகள் உண்டு.

டொக்டரின் துண்டு இருந்தால் இலகு வேலை, முழுக்கூலி. நாங்கள் கேட்பது இதைத்தான்.