மூன்றாம் ஆண்டில் பறிபோகும் மண்

"ஐம்பது வயதில் வேலையை உதறிவிட்டு மண்ணுக்குத் திரும்பினேன்" என்று சொல்லும் காணொலிகள் வாரத்துக்கு ஒன்று வருகின்றன. ஐந்து ஏக்கர், மாப்பிள்ளைச் சம்பா, வாசலில் ஒரு நாட்டு மாடு. நல்லதுதான். நான் கேட்பது ஒன்றே ஒன்று: திரும்பிப் போவதற்கு அந்த மண் யார் பெயரில் இருந்தது?

என் அப்பாவும் 54 வயதில் இயற்கை வேளாண்மை தொடங்கியவர்தான். கடலூர் முதுநகர் மண்டியில் முப்பது ஆண்டுகள் மூட்டை தூக்கினார். இடுப்பு விட்டுப்போனதும் பக்கத்து ஊரில் அரை ஏக்கர் குத்தகைக்குப் பிடித்தார். எழுத்து கிடையாது, வாய்ப்பேச்சுதான். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார். சாணமும் கோமியமும் சேரிக்கு வெளியே வாங்கிச் சுமந்தார். முதல் ஆண்டு மல்லாட்டை பொக்கையாகப் போனது. இரண்டாம் ஆண்டு கத்திரியும் கீரையும் கைச்செலவுக்கு வந்தன. மூன்றாம் ஆண்டு மண்ணைக் கிளறினால் மண்புழு. அந்த ஆண்டுதான் நிலத்துக்காரர் சொன்னார்: "மண்ணு இப்பதான் நல்லா வந்திருக்கு, நானே பயிர் வச்சிக்கிறேன். நீ வேற எடம் பாத்துக்க." அவர் அப்பாவைவிட இருபது வயது இளையவர்.

கெட்டுப்போன மண் தேற ஆண்டுகள் ஆகும். இயற்கை விளைபொருள் சான்றிதழுக்கான தேசிய விதிகளே ஆண்டுப் பயிருக்கு 2 ஆண்டு, பல்லாண்டுப் பயிருக்கு 3 ஆண்டு மாற்றக் காலம் கேட்கின்றன. அடுத்த போகம் நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவன் எப்படிக் காத்திருப்பான்? யூரியா போட்டால் அந்தப் போகத்திலேயே கண்டுமுதல். அவன் யூரியாதான் போடுவான். அவனைப் பார்த்து "மண்ணை விஷமாக்குகிறார்கள்" என்று மேடையில் பேசுவது எவ்வளவு எளிது!

"இதில் ஏன் சாதியை இழுக்கிறீர்கள்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கடலூர் மாவட்டத்தில் 100 பேரில் 29 பேர் பட்டியல் சாதியினர். இந்திய அளவில் அவர்கள் மக்கள்தொகையில் 100க்கு 16க்கு மேல். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சாகுபடி நிலத்தில் 9க்கும் கீழ். நாங்கள் எதையும் இழுக்கவில்லை தோழர்களே, அது சிட்டாவிலேயே இருக்கிறது.

நிலம் எப்போதும் இல்லாமலும் இல்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பத்தாண்டுகள் விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலத்தைக் கேட்டு 1994இல் காரணையில் திரண்டவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். கதையிலும் இதே பறிப்புதான். சேக்கிழாரின் நந்தனாருக்குப் பறைத்துடவை என்னும் மானிய நிலம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி அவரை வேதியரின் பண்ணையாளாக்கி, நாற்பது வேலி நிலத்தில் நிறுத்தினார். இன்று சிதம்பரத்தில் பலருக்கும் தெரிந்தது அந்த ஆள்தான், நிலம் வைத்திருந்தவர் இல்லை.

2023இல் தமிழ்நாடு உயிர்ம வேளாண்மைக் கொள்கை வெளியிட்டது. வரவேற்போம். ஆனால் பட்டா இல்லாதவனுக்கு அதில் என்ன? ஒன்றிய அரசின் ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவியும் நிலம் தன் பெயரில் உள்ளவருக்கே. குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955இலும், குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் 1969இலும் வந்துவிட்டன. பதிவு செய்யச் சொல்லிக் கேட்டால் மறுநாளே நிலம் போய்விடும் என்பதுதான் ஊர் நிலவரம்.

எனவே இயற்கை வேளாண்மை இயக்கங்கள் விதைத் திருவிழா மேடையில் மூன்று கோரிக்கைகளைச் சேர்த்துப் பேசட்டும்: பஞ்சமி நில மீட்பு, குத்தகைதாரர் கேட்காமலேயே அரசு களத்துக்கு வந்து செய்யும் குத்தகைப் பதிவு, மண்ணைத் தேற்றியவருக்குக் குறைந்தது ஐந்தாண்டு உழும் உரிமை. இதைப் பேசாத இயற்கை வேளாண்மை, நிலம் உள்ளவர்களின் ஓய்வுக்காலப் பொழுதுபோக்காகவே முடியும்.

அப்பாவுக்கு இப்போது 59. வீட்டுக்குப் பின்னால் நான்கு சிமெண்ட் சாக்குகளில் கத்திரி வைத்திருக்கிறார். சாக்கை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள் என்கிறார்.