செருப்பு கழன்றது தெரியவில்லை

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

ரேஷன் கடையிலிருந்து வரும் வழியில் என் சித்தியின் இடக்காலில் செருப்பு கழன்றுவிட்டது. வாசலில் நாங்கள் சொன்ன பிறகுதான் அவரே குனிந்து பார்த்தார். அதற்கு இரண்டு மாதம் முன்பே முதுகுவலி. பகலில் பொறுத்துக்கொள்வார், ராத்திரி படுத்தால் உயிர் போகும். வாய்வுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்தோம், ஊசி போட்டோம். நாலு வருஷம் முன்பு மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் என்பதை ஊசி போட்டவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

பெரிய மருத்துவமனை ஒன்றில் எம்.ஆர்.ஐ.க்கு ஒன்பதாம் நாள் தேதி கொடுத்தார்கள். காப்பீட்டு அட்டை கையில்தான் இருந்தது. ஐந்தாம் நாள் இரண்டு காலும் ஓய்ந்தன, சிறுநீர் இறங்கவில்லை.

சித்திக்கு நேர்ந்ததுபோல மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் புற்று முள்ளெலும்புக்குப் பரவி தண்டுவடத்தை நெரிப்பது மருத்துவர்களுக்குப் புதிதல்ல. நெரிக்கும் கட்டியை எடுத்துவிட்டு, அரித்துப்போன எலும்பு இருந்த இடத்தில் டைட்டானியக் கூண்டு வைப்பார்கள். மேலும் கீழும் உள்ள நல்ல எலும்புகளில் திருகாணி முடுக்கிக் கம்பியால் பிணைப்பார்கள். எல்லோருக்கும் இது ஒத்துவராது. லிம்போமா போன்றவை கதிர்வீச்சிலேயே கரையும். எது யாருக்கு என்று முடிவு செய்யவும் முதலில் ஸ்கேன் வேண்டுமே.

2005இல் லான்செட் இதழில் பேட்செல் குழுவினர் 101 பேரை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதம் பேர் நடந்தார்கள். அறுவை சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 84 சதவீதம். கால்கள் முழுதாகச் செயலிழந்து 48 மணி நேரத்தைத் தாண்டியவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை.

48 உங்கள் துறைக்குப் பழகிய எண்தான். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் கிடைக்கிறது.

சித்திக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கூண்டு கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது என்று மருத்துவர் படத்தைக் காட்டினார். வலி போயிற்று. கால் வரவில்லை.

புற்றுநோய் வந்துபோன ஒருவர் முதுகுவலியோடு, கால் மரத்து, தள்ளாடி வந்தால் அவரையும் விபத்துக் கேஸாக நடத்தச் சொல்லி ஓர் உத்தரவு போடுங்கள். 24 மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. என்பது பிரிட்டனில் 2008 முதலே வழிகாட்டு நெறி. கூடவே, ஆரம்ப சுகாதார நிலையத்து ஓ.பி. சீட்டில் ஒரு வரி அச்சிடுங்கள்: ‘முன்பு புற்றுநோய் இருந்ததா?’

இப்படிக்கு,
ஆசிரியர்