தேறியவரும் தேறி வருபவரும்

காய்ச்சல் விட்டுவிட்டது, ஆயினும் நாலு படி ஏறினால் கால் நடுங்குகின்றது. இந்நிலையிலுள்ளவரை ஆங்கிலத்தில் எவ்வாறு குறிப்பிடுவது? நம்மவர் பெரும்பாலும் 'றிக்கவர்ட்' என்றே எழுதிவிடுவர். அது பொருந்தாது. குணமாதல் முற்றுப்பெற்றதையே அச்சொல் உணர்த்தும். நோய் நீங்கியபின் பலம் சிறிது சிறிதாக மீளும் காலத்துக்கென்றே 'கொன்வலெஸ்' என்னும் வினை உண்டு.

இவ்வேறுபாடு இலக்கணக்காரரின் வீண் வாதமன்று. நாம் அறிந்த இலிகிதர் ஒருவர், நெருப்புக்காய்ச்சலிலிருந்து எழும்பியவர், 'றிக்கவர்ட்' என எழுதி, அதன் கீழேயே இரண்டு வாரம் மேலதிக லீவும் கேட்டிருந்தார். குணமாகியவருக்கு லீவு எதற்கு என்று கந்தோரிலிருந்து மறுமொழி வந்தது. சொல்லளவில் மேலதிகாரி கேட்டது நியாயமே. ஆனால் நெருப்புக்காய்ச்சலோ தணிந்து ஓரிரு வாரங்களின் பின்னரும் சிலரிடத்தே மீளத் தலைகாட்டக்கூடியது. 'கொன்வலெஸிங்' என்று எழுதியிருப்பின், லீவு கேட்ட காரணம் அச்சொல்லிலேயே விளங்கியிருக்கும்.

இலத்தீனில் 'வலேரே' என்பது வலிமையுடனிருத்தலைக் குறிக்கும். 'வலிட்', 'இன்வலிட்', 'வல்யூ' ஆகியனவும் அக்குடும்பத்தினவே. நமது 'வலிமை'யோடு ஒலி ஒத்திருப்பது கண்டு உறவு கொண்டாட முற்படுவாரும் உளர். அது வெறும் தற்செயலான ஒற்றுமை.

'றிக்கவர்' என்பதில் இன்னுமோர் இடர். இழந்ததை மீளப் பெறுதல் என்பதே அதன் அடிப்படைப் பொருள். ஆதலால் சுகத்தை றிக்கவர் செய்யலாம்; கொடுத்த கடனையும் செய்யலாம். காய்ச்சலைச் செய்தல் ஆகாது! 'ஃபுறொம்' என்ற இடைச்சொல்லை விட்டெழுதும் மாணவன், போன காய்ச்சலைத் திரும்ப அழைத்துக்கொண்டவனாகின்றான். 'கொன்வலெஸ்' செயப்படுபொருளை ஏலாத வினையாதலால் அவ்விபத்து அதற்கில்லை.

தமிழில் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. 'உடம்பு தேறி வருகிறது' என்று வீட்டிலே சொல்வது இதனையே. மருந்து முடிந்தபின்னும் காக்க வேண்டிய உணவுக் கட்டுப்பாட்டுக்கு 'மறுபத்தியம்' என்று தனிப்பெயரே இட்டனர் நம் வைத்தியர்.

இவ்வாறு தேறி வருபவர் 'கொன்வலசன்ற்' எனப்படுவர். நெடுநோய், சத்திரசிகிச்சை போன்றவற்றின் பின்னரே இச்சொற்கள் பொருந்தும். இரண்டு நாள் தடிமனுக்கு இவற்றை எடுத்தாண்டால் படிப்பவர் நகைப்பர்.