பிள்ளைக்கு நோய் வந்தால் தாய்க்கு வாய் வேண்டும்



சம்பளம், போனஸ், வீடு என்று இந்தப் பகுதியில் அடிக்கடி பேசுகிறோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் நம் பிள்ளைகளைப் பற்றியும் பேசத்தான் வேண்டும்.

பகாவ், லாபு, ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அந்நாளில் டிரசரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவோம். மருந்து எப்படியோ, பேச்சு பெரும்பாலும் நம் பேச்சு. "ராத்திரி பால் குடிச்சானா அம்மா?" என்று கேட்பார். இன்று அரசாங்கக் கிளினிக்குக்குப் போகிறோம். நோய் முற்றினால் கோலப்பிலா துவாங்கு அம்புவான் நஜிஹா மருத்துவமனை, இல்லாவிட்டால் சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனை. டாக்டரும் கருவியும் அங்கே கூடுதல், மறுக்கவில்லை. ஆனால் தாதி மலாயில் கேட்கிறார். நம் தாய் தலையை ஆட்டுகிறாள். புரிந்தாலும் ஆட்டுகிறாள், புரியாவிட்டாலும் ஆட்டுகிறாள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நமக்குத் தெரிந்த பசார் மலாய் சந்தையில் மீன் வாங்கப் போதும். பிள்ளைக்கு மூச்சு இழுப்பதைச் சொல்லப் போதுமா? "தீகா காலி செஹாரி" என்றால் ஒரு நாளைக்கு மூன்று வேளை. "தீகா ஹாரி" என்றால் மூன்று நாள். இதில் தடுமாறினால் மருந்தே வினையாகிவிடும்.

உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் 1990களில் பிள்ளை நோய்ப் பராமரிப்புக்கு ஒரு முறை வகுத்தன. முதலில் தாயைக் கேள். அவள் சரியாகச் செய்ததைப் பாராட்டு. பிறகு புத்தி சொல். கடைசியில் அவளுக்கு விளங்கியதா என்று சோதித்துப் பார். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் யாரும் "ஆமா" என்றுதான் சொல்வார்கள். "இந்த மருந்தை வீட்டுல எவ்வளவு, எத்தனை தடவ குடுப்பீங்க?" என்று கேட்க வேண்டும். வார்டில் வேலைப்பளு உண்டு, தாதியரும் நம்மைப் போல் உழைப்பாளிகளே. ஆனாலும் இந்த இரண்டு நிமிடம் ஒரு உயிரைக் காக்கும்.

நம் பங்கும் இருக்கிறது. குடிக்கவோ பால் சப்பவோ முடியாமை, உள்ளே போனதெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், இந்த நான்கும் பெரிய ஆபத்து. தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வாந்திக்கு "முந்தா", வலிப்புக்கு "சாவான்", மூச்சுத் திணறலுக்கு "செசாக் நாபாஸ்". மனப்பாடம் செய்யுங்கள். விளங்காவிட்டால் "திடாக் பாஹாம்" என்று சொல்லுங்கள். அதில் வெட்கம் என்ன?

பிள்ளையிடமும் பேச வேண்டும். "அழுதா ஊசி போடுவாங்க" என்று மிரட்டாதீர்கள். "வலிக்காது" என்று பொய்யும் வேண்டாம். அப்புறம் எதையும் நம்பாது. "கொஞ்சம் வலிக்கும், அம்மா கைய புடிச்சுக்கிறேன்" என்றால் போதும். பிள்ளையின் கருத்துக்கும் மதிப்பு உண்டு என்கிறது 1989ஆம் ஆண்டு ஐ.நா. சிறார் உரிமை ஒப்பந்தம். மலேசியா அதில் 1995இல் சேர்ந்தது.

கைபிடிக்கத் தாய் பக்கத்தில் இருக்க வேண்டாமா? பிரிட்டனில் ஒரு காலத்தில் பெற்றோரை வார்டுக்குள் விடமாட்டார்கள். எந்நேரமும் வந்து பார்க்க விடவேண்டும் என்று 1959இல் பிளாட் அறிக்கை சொன்னது. இங்கே தாய் கூடத் தங்கலாம்; ஆனால் அன்றைய கூலி போய்விடும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி தொழிலாளி நோயில் விழுந்தால் சேவைக்காலத்தைப் பொறுத்து வருடத்துக்கு 14, 18 அல்லது 22 நாள், மருத்துவமனையில் படுத்தால் 60 நாள் சம்பள விடுப்பு உண்டு. பிள்ளை படுத்தால்? அதற்கென்று ஒரு நாள்கூட இல்லை!

அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இதை வைக்க வேண்டும். பிள்ளை வார்டில் இருக்கும் நாள்களுக்குத் தாய்க்கோ தகப்பனுக்கோ சம்பளத்தோடு விடுப்பு! மருந்து விளக்கம் தமிழிலும் அச்சாக வேண்டும் என்று மருத்துவமனைகளையும் கேட்போம். படித்த நம் பெண் பிள்ளைகளைத் தாதியர் பயிற்சிக்கு அனுப்புவோம். உங்கள் தோட்டக் கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகப் போடுங்கள். கேட்காதவனுக்கு எதுவும் கிடைப்பதில்லை.