கணக்கு யார் கையில்?

மாரி பிறந்ததும் சுண்டிக்குளத்துக் கடல்நீரேரியில் பூநாரைகள் வந்திறங்குகின்றன. 1938இல் பறவைச் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்ட அவ்விடத்தை இணுவில் மாணவருள் எத்தனை பேர் கண்டுளர்? ஞாயிறன்றும் தனியார் வகுப்பில் அடைபட்டிருக்கும் பிள்ளைக்கு விலங்கியல் என்பது படத்திலுள்ள தவளையே!

ஆசிரியருடன் ஆண்டுதோறும் அங்கு சென்று, பறவையையும் கண்டலையும் எண்ணிக் குறித்துவரும் மாணவர் தொண்டர் படையொன்று எமதூரில் தோன்றவேண்டும் என்கின்றோம். இஃது உல்லாசப் பயணமன்று. காட்டுக்கும் குடிமனைக்கும் எல்லை வகுக்கக் கொழும்பிலிருந்து அதிகாரிகள் வருங்கால், கணக்கு அவர்கள் கையிலும் முறைப்பாடு மட்டும் நம் கையிலும் இருப்பது எத்தனை காலத்துக்கு?

2014, 2015ஆம் ஆண்டுகளில் அயலூராகிய சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்ததென்ற கூக்குரல் எழுந்தது. உண்டென்றார் ஒருசாரார், இல்லையென்றார் மறுசாரார். முந்திய பத்தாண்டு நீரின் நிலையை ஊராரே எழுதிவைத்த ஏடொன்று கையிலிருந்திருப்பின், நமது வாதம் வலுத்திருக்கும். ஆறில்லாத குடாநாட்டில் சுண்ணக்கல்லின் இடையே தேங்கும் மழைநீரே புகையிலைக்கும் நமது தொண்டைக்கும் கதி. மிகையாக இடும் யூரியாவும் நைத்திரேற்றாகி அதிலேயே இறங்குகின்றது. தோட்டக்காரர் இதனை அறியாதாரல்லர், பேச விரும்பாதார்.

ஆகவே சுண்டிக்குளம் சென்று மீளும் மாணவர், தந்தையின் கிணற்றையும் மாதந்தோறும் அளந்தெழுதட்டும். பஸ் செலவை ஊரின் உத்தியோகத்தர் ஏற்கலாம். வரும் மாரிக்கு முன் பெயர்ப்பட்டியல் தயாராகட்டும்.