யாரை வள்ளல் என்பது?



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் தன் மகனின் கல்லூரிச் சேர்க்கை பற்றிக் கேட்க வந்தான். கையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் வழவழப்பான கையேடு. முதல் பக்கத்தில் வேந்தர், ‘கல்வி வள்ளல்’. அடுத்த பக்கத்தில் இணைவேந்தராக அவர் மகன். கட்டணம் மட்டும் தனித்தாளில்!

எனக்குக் காரைக்குடி ஞாபகம் வந்தது. 1947இல் அங்கே கல்லூரி தொடங்கிய அழகப்பச் செட்டியார், மத்திய மின்வேதியியல் ஆய்வகம் தம் ஊருக்கு வரவேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். ஆய்வகம் அரசுடையது. கொடுத்தார், அவ்வளவுதான்.

சிதம்பரம் வேறு கதை. 1929இல் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் இணைவேந்தர் பதவி குடும்பத்திலேயே தொடர்ந்தது. அங்கே படித்து முன்னேறியவர்கள் ஏராளம், மறுக்கவில்லை. ஆனால் பண நெருக்கடி முற்றி, 2013இல் அரசே ஏற்க வேண்டியதாயிற்று.

இன்றைய பல்கலைக்கழகங்களும் பெயருக்கு அறக்கட்டளைகள்தாம். அப்படியானால் வரவு செலவை அந்தக் கையேட்டிலேயே அச்சிடலாமே?

“நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், ரசீது இல்லாமல் ஏதாவது கேட்கிறார்களா என்று விசாரித்துவிட்டுச் சேர்ப்பா” என்றேன்.

“முன்பணம் கட்டிட்டேன் சார்” என்றான்.